ஸ்டெம் செல்லா என்று பார்க்கும் கிட்: பாதி வேலைக்குத்தான் உதவும்

எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொழுப்புத் திசுவிலிருந்தும் பிரித்தெடுக்கும் மீசன்கைமல் செல்களை (எலும்பாக, கொழுப்பாக, குருத்தெலும்பாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள்) சரிபார்க்க ஒரு ஃப்ளோ சைட்டோமெட்ரி (சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்த்து எண்ணும் முறை) கிட்டை ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வகைக் கிட்டுகளில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

2006-இல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த கணக்குதான் அடிப்படை. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அடையாளப் புரதங்களில் சிடி105, சிடி73, சிடி90 மூன்றும் குறைந்தது 95 சதவீத செல்களில் இருக்க வேண்டும்; சிடி45, சிடி34, எச்எல்ஏ-டிஆர் போன்றவை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த அடையாளங்களைப் பிடிக்கும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகள் கலந்தே வருகின்றன, ஒரு மதியத்தில் வேலை முடிந்துவிடும். தனித்தனியாக வாங்கி, டைட்ரேஷன் (சரியான அளவைக் கண்டுபிடிப்பது) செய்து, காம்பன்சேஷனோடு (ஒரு சாயத்தின் நிறம் இன்னொன்றில் கசிவதைத் திருத்துவது) மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடுப்பேற்றுவது, இருக்கக் கூடாத ஐந்து அடையாளங்களையும் ஒரே பிஇ சாயத்தில் போட்டிருப்பதுதான். எல்லாம் சுத்தமாக இருந்தால் சரி. ஒருமுறை முதல் பாசேஜில் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்க்கும் சுற்று) இருந்த கொழுப்புத் திசுச் செல்களில் அந்தப் பக்கம் 6 சதவீதம் காட்டியது, வரைபடத்தில் வலதுபுறம் ஒரு சின்ன மேடு, ரத்தச் செல் கலந்துவிட்டதா எச்எல்ஏ-டிஆர் ஏறிவிட்டதா என்று எதுவும் பிடிபடவில்லை. தனித்தனி ஆன்டிபாடி வரவழைத்துப் பார்த்தால் சிடி34. கொழுப்புத் திசுச் செல்களில் ஆரம்பத்தில் அது இருப்பது சகஜம், வளர்க்க வளர்க்கக் குறையும். மூன்றாம் பாசேஜில் 2-க்குக் கீழே இறங்கிவிட்டது. கையேட்டில் ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இறந்த செல்லைக் காட்டும் சாயமும் உள்ளே இல்லை. அது இல்லாமல் ஓட்டாதீர்கள், செத்த செல் எந்த ஆன்டிபாடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். 7-ஏஏடி என்ற இறந்த செல் சாயத்தைப் போட்டால் இந்தக் கிட்டில் சிடி105-இன் நிறத்தோடு மோதும், வயலட் லேசர் இருந்தால் டாபி என்ற சாயத்தைப் போடுங்கள்.

அப்புறம் பெட்டி மேல் 'ஸ்டெம் செல் உறுதிப்பாடு' என்று போட்டிருக்கிறார்களே, அதை நம்பவே வேண்டாம். சும்மா ஒரு சோதனைக்குத் தோல் ஃபைப்ரோபிளாஸ்டை (தோலின் சாதாரண இணைப்புத் திசுச் செல்) ஓட்டினேன், அதுவும் ஜம்மென்று பாஸ். எலும்பாக, கொழுப்பாக, குருத்தெலும்பாக மாறுகிறதா என்று மூன்று வாரம் வளர்த்து, அலிசரின் ரெட், ஆயில் ரெட் ஓ, ஆல்சியன் புளூ சாயங்கள் போட்டுப் பார்க்கும் வேலை அப்படியே நம் தலையில்தான்.

5-க்கு 3. மஜ்ஜைச் செல்லுக்கு மறுபடியும் வாங்குவேன். கொழுப்புச் செல்லுக்கு என்றால் கூடவே ஒரு சிடி34 குப்பியும் ஆர்டர் போட்டுவிடுவேன்.