ஹேர் ஸ்டீமரோடு நாலு வருஷம்

2021 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் பார்லருக்கு ஒரு ஹேர் ஸ்டீமர் வாங்கினேன். சக்கரம் வைத்த ஸ்டாண்டு, மேலே ஹெல்மெட் மாதிரி ஒரு மூடி, பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிற டப்பா, நிமிஷம் வைக்க ஒரு திருகு, அதோடு 'அயான்' (அயனி, மின்னேற்றம் பெற்ற நுண்துகள்) என்று எழுதிய ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் மூடிக்குள் நீல லைட் எரியும். விலை பதினோராயிரத்துச் சொச்சம். அயான் இல்லாத மாடல் இரண்டாயிரம் குறைவு. ஆனால் டீலர் அதை எடுத்துக் காட்டவே இல்லை. "நீல லைட் இருந்தாத்தானுங்க கஸ்டமர் காசு குடுப்பாங்க" என்றார். வியாபாரம் தெரிந்த மனுஷன்.

அதற்கு முன்னால் ஹேர் ஸ்பா என்றால் எங்களிடம் டவல்தான். வென்னீரில் முக்கிப் பிழிந்து, எண்ணெய் வைத்த தலையில் சுற்றினால் மூன்று நிமிஷத்தில் ஆறிவிடும். உடனே அடுத்த டவல். ஒரு தலைக்கு ஐந்தாறு ஆகும். பிழிகிற பிள்ளைக்குக் கை சிவந்துபோகும். கழுத்து வழியாக ஜாக்கெட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று உட்கார்ந்திருப்பவர் நெளிவார். முகூர்த்த நாள் கூட்டத்தில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்திலிருந்து தப்பிக்கத்தான் மெஷின் வாங்கினேன், அயானுக்காக இல்லை.

மெஷினுக்குள் நடப்பது இட்லிப் பானையில் நடப்பதுதான். 900 வாட் ஹீட்டர், கொதிக்கிற தண்ணீர், மேலே ஏறுகிற ஆவி. அது மூடிக்குள் காற்றோடு கலந்து, தலைக்கு வரும்போது குளிக்கிற வென்னீர்ப் பதத்தில் இருக்கும். முடியின் மேல்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்த செதில்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் முடி ஊதுகிறது. நன்றாக நனைந்த முடியின் தடிமன் சுமார் 15 சதவீதம் கூடும், நீளம் இரண்டு சதவீதம்கூட ஏறாது. ஊதுகிறபோது செதில்களின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும், மேலே தடவிய கிரீம் சமமாகப் பரவும்.

நான் பெரும்பாலும் கிரீமுக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் வைத்தே ஆவி காட்டுகிறேன். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் மும்பை ஆய்வாளர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காய் எண்ணெய்தான் நன்றாகக் குறைத்தது என்பது அவர்கள் கண்டது. அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனியில், அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் நாலு வருஷமாக என் நாற்காலியில் நான் பார்ப்பது அதற்கு எதிராக இல்லை.

யாருக்கு நன்றாக வேலை செய்கிறது? சுருட்டை முடிக்கு. பிளீச் செய்து கலர் போட்டு நார்போல் ஆன முடிக்கு. ஹாஸ்டலில் உப்புத் தண்ணீரில் தலை குளித்து விளக்குமாறு மாதிரி வந்து நிற்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு. சிக்கு எடுக்கும்போதே வித்தியாசம் தெரியும், சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். மூன்றாவது தடவை தலைக்குக் குளித்ததும் பழைய கதைதான். இதைக் காசு வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மெல்லிசான, எண்ணெய் வழிகிற நேர் முடிக்கு இது வேண்டாம். மண்டையோடு ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த கோழி மாதிரி ஆகிவிடும்.

முடி கொட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிள்ளை பெற்று மூன்று நாலு மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று அழுகிற முகத்தோடு வருவார்கள். கர்ப்ப காலத்தில் விழாமல் நின்ற முடியெல்லாம் சேர்ந்து விழுகிறது, பெரும்பாலும் தானாக நின்றுவிடும், நான் உன்னிடம் காசு வாங்கினால் பாவம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பொடுகுக்கும் அப்படித்தான். அது மண்டையின் எண்ணெய்ப் பசையைத் தின்று வளர்கிற பூஞ்சையோடு சம்பந்தப்பட்டது. எண்ணெய் வைத்து ஆவியும் காட்டினால் அதற்கு விருந்து. தோல் டாக்டரிடம் போகச் சொல்கிறேன்.

இனி நீல லைட்டுக்கு வருகிறேன். 2023 கோடையில் டைமர் திருகு மாட்டிக்கொண்டது. மெக்கானிக் பையன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, இந்த அயான் வயரு எப்பவோ கருகிக் கெடக்குதுங்களே" என்றான். லைட்டுக்குத் தனி வயர், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாக அப்படி என்று எனக்கே தெரியவில்லை. வாரா வாரம் வருகிற ஒருத்தர்கூட "முன்ன மாதிரி இல்லையே" என்று சொன்னதில்லை. நானும் கண்டுபிடிக்கவில்லை.

உட்கார்ந்து யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பாகம் ஒரு ஊசி முனையில் அதிக வோல்டேஜ் ஏற்றிக் காற்றில் எதிர்மின் அயனிகளை விடுகிறது. காய்ந்த முடியைச் சீவும்போது மின்னேற்றத்தில் அது பறக்குமே, அதை அடக்க இது உதவும். காற்று காய்ந்து கிடக்கிற நாளில் பிளாஸ்டிக் சீப்பு போட்டால் தெரியும். ஆனால் ஸ்டீமருக்குள் இருப்பது நனைந்த முடி. ஈரத்தில் மின்னேற்றம் நிற்காது, தானே வடிந்துவிடும். அங்கே அயானுக்கு என்ன வேலை? டப்பாவின் மேல் அருவிப் படம் போட்டிருந்தார்கள். அருவியடியில் காற்று மின்னேற்றம் பெறுவதை 1892-லேயே பிலிப் லெனார்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி எழுதியது வாஸ்தவம்தான். அதற்காகக் குற்றாலத்தில் குளித்தவர்களுக்கெல்லாம் முடி பட்டாகவா இருக்கிறது?

புதிதில் மூடிக்குள் ஜெராக்ஸ் கடை வாசனை ஒன்று வரும். புது மெஷின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன். அது ஓசோன், அந்த ஊசி முனையில் உண்டாவது. ஓசோன் விடுகிற மருத்துவச் சாதனங்களால் அறைக்குள் சேரும் ஓசோன் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வைத்திருக்கிறது. வீசிங் இருக்கிற ஒரு அம்மா அப்போதெல்லாம் உள்ளே உட்கார்ந்தால் இருமுவார், இப்போது இருமுவதில்லை. இதனால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மெக்கானிக் புதுப் பாகம் போடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். ரேட் போர்டில் 'அயான் ஸ்பா' என்றிருந்ததை 'ஸ்டீம் ஸ்பா' என்று மாற்றி எழுதினேன். ரேட்டை மாற்றவில்லை.

இந்த மெஷினின் ஆயுள் தண்ணீரில்தான் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பல வீட்டில் இரண்டு தண்ணீர்: சிறுவாணி அணையிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் ஒன்று, ஆழ்குழாய்க் கிணற்று 'போர்' தண்ணீர் ஒன்று. எங்கள் பார்லர் மருதமலை ரோட்டுப் பக்கம். முதல் இரண்டு மாதம் அசால்ட்டாக போர் தண்ணீர் ஊற்றினேன். டப்பாவின் அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவம், ஹீட்டரைச் சுற்றி முட்டை ஓடு போல ஒரு பொருக்கு. ஆவி வரப் பத்து நிமிஷம் ஆனது. பிறகு சிறுவாணிக்கு மாறினேன். அதிலும் கொஞ்சம் படியும், ஆனால் போர் தண்ணீர் அளவுக்கு வராது. காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று மெஷினோடு வந்த தாளில் போட்டிருந்தது. ஒரு தலைக்கு இருபது நிமிஷம் ஓட்டினால் கால் லிட்டருக்கு மேல் ஆகும், ஒரு நாளைக்கு ஆறு தலை என்றால் பேட்டரி வாட்டர் கேன் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. ஏசிக்குள் இருக்கிற தூசியையும் பாசியையும் ஒரு தடவை பார்த்தால் அதைத் தலைக்குக் காட்டத் தோன்றாது.

மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்). அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேஜைக் கரண்டி கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கொட்டி, இரண்டு தடவை அலசி, ஆளில்லாமல் பத்து நிமிஷம் ஓட்டவேண்டும். நுரைத்துக்கொண்டு படிவம் கழன்று வரும்.

இதை ஒரு தீபாவளிக் கூட்டத்தில் தள்ளிப் போட்டேன். அளவுக் கோட்டுக்கு மேல் தண்ணீரும் ஊற்றியிருந்தாள் ஒரு பிள்ளை. ஆவியோடு கொதிதண்ணீர் துளி தெறித்து, உட்கார்ந்திருந்தவர் காது நுனியில் கொப்புளம். குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றினோம், காசு வாங்கவில்லை, கையெடுத்துக் கும்பிட்டேன். நல்லவர், இன்னும் வருகிறார். ஆனால் காதை டவலால் மூடிக்கொண்டுதான் உட்காருவார். அன்றிலிருந்து ஐந்து நிமிஷம் வெறும் மூடியோடு ஓடவிட்டு, தெறிப்பு இல்லை என்று கையால் பார்த்த பிறகே ஆளை உட்கார வைக்கிறோம். காதில் பஞ்சு வைக்கிறோம், தோடு ஜிமிக்கியைக் கழற்றச் சொல்கிறோம்.

இருபது நிமிஷத்துக்கு மேல் வைப்பதில்லை. அரை மணி நேரம் கேட்டு வாங்கிய பிரஷர் மாத்திரைக்காரர் ஒருவர் எழுந்தபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். புதிதாக டை அடித்தவர்களை ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறோம், இல்லாவிட்டால் டவலெல்லாம் கலர்.

செலவு என்றால், கரண்ட் ஒரு தலைக்கு அரை யூனிட்கூட இல்லை. நாலு வருஷத்தில் ஹீட்டர் ஒரு தடவை, ரப்பர் வாஷர் மூன்று தடவை, ஒரு சக்கரம். போட்ட காசு முதல் முகூர்த்த சீசனிலேயே வந்துவிட்டது.

வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார்கள். மாதம் இரண்டு தடவைக்கு எதற்கு? எண்ணெய் வைத்து, வென்னீர் டவலை இரண்டு தடவை சுற்றி, அரப்பு போட்டு நல்ல தண்ணீரில் அலசினால் முக்கால்வாசி வந்துவிடும். டவல் பிழிகிற பாடு ஒரு தலைக்குத்தானே.

இந்த மாதம் இரண்டாவது ஸ்டீமர் சொல்லியிருக்கிறேன், அயான் இல்லாதது. பழையதில் நீல லைட் இன்னும் எரிகிறது. ஒருநாள் வேண்டுமென்றே அணைத்துவைத்துப் பார்த்தேன். பாதியில் ஒரு கல்லூரிப் பெண் மூடியைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, லைட் எரியலைங்க, மெஷின் ஓடுதுங்களா?" என்றாள். ஆவியில் அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டேன்.