பிரீமியர் புரோவின் அல்ட்ரா கீ: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பச்சைத் திரைக்கு முன் எடுத்த காட்சியில் பின்னணியை நீக்க அடோபி பிரீமியர் புரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் முதலில் எடுக்க வேண்டிய எஃபெக்ட் அல்ட்ரா கீதான். இப்படி ஒரு நிறத்தை வெட்டி அந்த இடத்தை மறையச் செய்வதே கீயிங்; சுருக்கமாகக் கீ. அதே கீயிங் பட்டியலில் உள்ள கலர் கீ, காட்டிய நிறத்தை வெட்டுவதோடு நின்றுவிடும். கன்னத்திலும் தோளிலும் படிந்த பச்சைச் சாயலைத் தொடாது. அல்ட்ரா கீ அந்தச் சாயலையும் சேர்த்தே எடுக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் துணையோடு ஓடுவதால் ஸ்லைடரை நகர்த்தும்போதே விளைவு தெரிகிறது.

எஃபெக்ட்டைப் போடுமுன், எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பலகத்தின் ஒப்பாசிட்டியில் உள்ள பேனாவால் ஆளைச் சுற்றித் தாராளமாக ஒரு மாஸ்க் (உள்ளே இருப்பதை மட்டும் காட்டும் எல்லைக்கோடு) வரைந்துவிடுங்கள். லைட் ஸ்டாண்டு, திரையின் சுருக்கம், இருண்ட மூலைகள் எல்லாம் வெளியே போய்விடும். கை வீசும் தூரத்தையும் விட்டு வரைய வேண்டும். பிறகு அல்ட்ரா கீயைப் போட்டு, அதில் நிறத்தைத் தொட்டெடுக்கும் ஐட்ராப்பரை எடுத்து, தலைமுடிக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சையைத் தொடுங்கள். கீ சுத்தமாக விழ வேண்டிய இடம் அதுதான். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கிளிக் செய்தால் ஒற்றைப் பிக்சலுக்குப் பதில் 5×5 பிக்சல்களின் சராசரி நிறம் கிடைக்கும். மேக்கில் அதற்குக் கமாண்ட் விசை.

இதற்குப் பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். அல்ட்ரா கீயின் அவுட்புட் காம்போசிட்டில், அதாவது இறுதிப் படமாக, இருக்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். அதை, எது தெரியும் எது மறையும் என்று காட்டும் ஆல்ஃபா சேனலுக்கு மாற்றிப் பாருங்கள். வெள்ளை நிற்கும், கறுப்பு மறையும், சாம்பல் அரைகுறையாகத் தெரியும். உடல் முழு வெள்ளையாக, பின்னணி முழுக் கறுப்பாக இருக்க வேண்டும்; முடியின் நுனியிலும், வேகமாக அசையும் விரல்களின் ஓரத்திலும் மட்டுமே சாம்பலுக்கு இடம் உண்டு.

கறுப்பில் சாம்பல் புள்ளிகள் மினுமினுத்தால் அது வெளிச்சம் போதாத காட்சியின் நாய்ஸ், அதாவது பொரிப்பொரியான இரைச்சல். பெடஸ்டலை அதன் இயல்பு மதிப்பான 10-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கறுப்புக் கோட்டிலோ கருமுடியிலோ ஓட்டை விழுந்தால் ஷேடோவை 50-க்கு மேல் கொண்டுபோகலாம். உடல் மொத்தமும் மங்கினால் 45-இல் இருக்கும் டிரான்ஸ்பரன்சியைக் குறைக்க வேண்டும். ஓரத்தில் பச்சைக் கோடு தெரிந்ததும் பலர் உருவத்தின் ஓரத்தை உள்நோக்கிச் சுருக்கும் சோக்கைப் பிடித்து ஏற்றுவார்கள்; கோட்டோடு முடியும் போய், தலை கத்தரித்து ஒட்டியது போலாகிவிடும். அந்தக் கோட்டுக்கு மருந்து, படிந்த சாயலை அடக்கும் ஸ்பில் சப்ரஷனில் இருக்கிறது. அதிலும் அளவு மீறினால் மஞ்சள் சட்டை ஆரஞ்சு நிறத்துக்குச் சாயும், முகம் சிவந்துபோகும். செட்டிங்கில் அக்ரசிவ் இருக்கிறதே என்று நேராக அங்கே போவதும் நல்லதல்ல. டிஃபால்ட்டில் தொடங்கிக் கையால் சரிசெய்வதே மேல்.

வண்ணத் திருத்தத்தை எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் அல்ட்ரா கீக்குக் கீழே வையுங்கள். மேலே வைத்தால் திருத்திய பச்சைதான் கீக்குப் போகும். பிறகு வண்ணத்தைத் தொடும்போதெல்லாம் கீயும் கெடும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு எஃபெக்ட்டுக்கு ஒரே கீ நிறம் என்பதால், பாதி இருட்டாக விழுந்த திரையை ஒரே கீயில் எடுக்க முடியாது. கிளிப்பை இரண்டு டிராக்குகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க்கும் கீயும் தர வேண்டும். அடோபியின் இன்னொரு மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உள்ள கீலைட் என்ற கீயிங் எஃபெக்ட்டில் இன்சைட் மாஸ்க் வரைந்து ‘இந்த இடத்தைத் தொடாதே’ என்று சொல்லலாம். இங்கே அந்த வசதி இல்லாததால், கீ போடாத நகலை மேல் டிராக்கில் வைத்து உடலின் உட்பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு மூட வேண்டியிருக்கிறது.

தோள்விளிம்பு படிக்கட்டுபோல் தெரிந்தால் அல்ட்ரா கீயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நிறத் தகவலைக் குறைத்துச் சேமிக்கும் 4:2:0 முறையில் பதிவான 1920×1080 வீடியோவில் நிறத் தகவல் 960×540 அளவுக்கே இருக்கும். நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம். ஓரத்தை மென்மையாக்கும் சாஃப்டன் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். கேமராவில் நிறத் தகவலை இன்னும் அதிகமாகச் சேமிக்கும் 4:2:2, 10 பிட் இருந்தால் கீயிங் காட்சிகளுக்கு அதையே தேர்ந்தெடுங்கள்.

பின்னணி இல்லாமல் ஆளை மட்டும் ஏற்றுமதி செய்ய எச்.264 என்ற வழக்கமான வீடியோ வடிவம் உதவாது, அதில் ஆல்ஃபா நிற்காமல் காலியிடம் கறுப்பாகிவிடும். குயிக்டைம் கோப்பு வகையில், ஆல்ஃபாவைத் தாங்கும் புரோரெஸ் 4444 வடிவத்தை எடுங்கள். டெப்த் பகுதியில் (பிபிசி என்பது ஒரு நிறச் சேனலுக்கான பிட்கள்) ‘8 பிபிசி + ஆல்ஃபா’ அல்லது ‘16 பிபிசி + ஆல்ஃபா’ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது விட்டுப்போனால் புரோரெஸ் 4444 கோப்பிலும் பின்னணி கறுப்பாகத்தான் வரும்.