மிண்டெலோவா, சாந்தியாகோவா? கேப் வெர்டேயில் ஒரு வாரத்தை எங்கே செலவிடுவது

2025 அக்டோபரில் எஸ்வாத்தினியை 3-0 என்று வென்று 2026 உலகக்கோப்பைக் காற்பந்துக்குத் தகுதி பெற்றபோதுதான் கேப் வெர்டே என்ற பெயர் நம்மில் பலர் காதில் விழுந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வாழும் நாடு. செனகல் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் பத்துத் தீவுகள். ஒன்பதில் மக்கள் வசிக்கிறார்கள். போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியவுடன் எழும் கேள்வி: எந்தத் தீவுக்கு? ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சுற்ற முடியாது. தீவுகளுக்கு இடையே ஓடும் விமானங்களும் படகுகளும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றோ இரண்டோ தீவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயண நிறுவனங்கள் முதலில் காட்டுவது சால் தீவை. வெள்ளை மணல், எல்லாச் செலவும் அடங்கிய ஓய்வு விடுதிகள், அலைச்சறுக்கு. பெட்ரா டி லூமே என்ற இடத்தில் பழைய எரிமலை வாய்க்குள்ளேயே உப்பளம் இருக்கிறது. அந்த உப்பு நீரில் உடம்பு தானாக மிதக்கும். கோடை மாதங்களில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. குழந்தைகளோடு ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு நல்ல இடம். ஆனால் இந்த நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்று அறிய ஆசைப்பட்டால் சாலில் தங்கிப் பயனில்லை. அங்கே விடுதிகளில் வேலை செய்பவர்களில் பலர் வேறு தீவுகளிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள்.

உண்மையான போட்டி சாவ் விசென்டே தீவின் மிண்டெலோவுக்கும், தலைநகர் பிராயா இருக்கும் சாந்தியாகோ தீவுக்கும்தான். உள்ளூரிலேயே இது பழைய பகை. சாந்தியாகோக்காரர்களைப் 'பாடியு' என்பார்கள். வடக்குத் தீவுக்காரர்கள் 'சம்பஜூடு'. போர்த்துகீசியமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த கிரியோல்தான் மக்கள் பேச்சு, ஆனால் இருவரும் பேசும் கிரியோலும் வேறு வேறு. எந்தக் கிரியோலைப் பொதுமொழியாக எழுதுவது என்பதில் இன்றும் உரசல் உண்டு.

மிண்டெலோ முதல் பார்வையிலேயே பிடித்துப்போகும் ஊர். ஆழமான இயற்கைத் துறைமுகம், எதிரே படுத்திருக்கும் மனித முகம்போலத் தெரியும் மலை, நடந்தே சுற்றிவிடக்கூடிய வண்ண வீதிகள். 19-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கைக் கடக்கும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பிக்கொள்ள இங்கே நின்றன. ஆங்கிலேயக் கம்பெனிகள் கிடங்கு போட்டன, மாலுமிகள் வந்தார்கள், மதுக்கடைகளும் இசையும் பெருகின. அந்தச் சூழலில் வளர்ந்தவர்தான் செசாரியா எவோரா. 1941-இல் இங்கே பிறந்தவர். வெறுங்காலோடு மேடையேறி மோர்னா என்ற இந்த நாட்டுப் பாட்டு வகையை உலகமெங்கும் கொண்டுபோனவர். 2011-இல் இங்கேயே மறைந்தார். ஊரின் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். மோர்னா 2019-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. அது முதலில் பிறந்தது போவா விஸ்தா தீவில் என்று சொல்வார்கள். ஆனாலும் கித்தார், கவாக்கின்யோ என்ற சின்னத் தந்திக்கருவி, வயலின் சேர்ந்த அந்த மெல்லிய சோகத்தை இரவு உணவோடு உட்கார்ந்து கேட்க மிண்டெலோவைப் போல வசதியான ஊர் வேறில்லை.

மிண்டெலோவுக்கு இன்னொரு பலம், பக்கத்துத் தீவு. சாந்தோ அந்தாவுக்குப் படகில் ஒரு மணி நேரம்தான். போர்ட்டோ நோவோவில் இறங்கி, கல் பாவிய பழைய மலைப்பாதையில் ஏறினால் வறண்ட பாறை சட்டென்று மறைந்து பைன் மரமும் மூடுபனியும் வரும். கோவா எரிமலைக் குழியின் விளிம்பிலிருந்து பாவுல் பள்ளத்தாக்குக்கு நடந்து இறங்குவது நாட்டின் மிக அழகான நடை என்பேன். வழி நெடுக அடுக்கு வயல், கரும்பு, வாழை. கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் க்ரோக் என்ற சாராயத்துக்கு இந்தத் தீவுதான் பேர்போனது. முழங்கால் வலி உள்ளவர்கள் இறக்கத்தை யோசித்துச் செய்யுங்கள். கல்படி விடாமல் போய்க்கொண்டே இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் ஓட்டு சாந்தியாகோவுக்கே.

போர்த்துகீசியர்கள் வந்தபோது இந்தத் தீவுகளில் யாருமே இல்லை. 1462-இல் சாந்தியாகோவின் தென்கரையில் ரிபெய்ரா கிராண்டே என்ற ஊரைக் கட்டினார்கள். வெப்பமண்டலத்தில் ஐரோப்பியர் அமைத்த முதல் நகரம் அது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் இங்கே விற்கப்பட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பணம் புரண்டதால் கொள்ளையரும் வந்தார்கள்: 1585-இல் ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் டிரேக், 1712-இல் பிரெஞ்சுக்காரர் ஜாக் கசார். அப்புறம் ஊர் சரிந்தது, தலைநகரம் பிராயாவுக்கு மாறியது. இன்று சிதாடே வெல்யா என்று அழைக்கப்படும் அந்த ஊர் 2009 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பிராயாவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சதுக்கத்தில் சலவைக்கல் தூண் ஒன்று நிற்கிறது. அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த தூண். அதைச் சுற்றி இப்போது பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பக்கத்தில் மீன் வறுக்கிறார்கள். மலைமேல் இருக்கும் கோட்டைக்கும் ஏறிப் பாருங்கள். டிரேக்கின் தாக்குதலுக்குப் பிறகு கட்டியது அது.

தப்பி ஓடிய அடிமைகள் தீவின் உள்மலைகளுக்குள் போய்ப் பிழைத்தார்கள். பாடியு வாழ்க்கையின் வேர் அங்கேதான். அவர்களுடைய பட்டூக்கு இசையைக் கேட்டால் இது புரியும். பெண்கள் அரைவட்டமாக உட்கார்ந்து, தொடைகளுக்கு இடையே துணிமூட்டையை வைத்துத் தாளம் தட்டுகிறார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட, நடுவில் ஒருத்தி இடுப்பில் துணி கட்டி ஆடுகிறாள். பறை இல்லை, தந்தி இல்லை. ஆனால் தட்டு ஏற ஏற உட்கார்ந்திருக்க முடியாது. காலனி ஆட்சியும் திருச்சபையும் இதை ஒடுக்கின. ஃபுனனாவுக்கும் அதே கதி. கை அக்கார்டியனும், கத்தியால் உரசும் இரும்புக் கம்பியும் கொண்ட கிராமத்து ஆட்டப்பாட்டு அது. விடுதலைக்குப் பிறகு, 1980 வாக்கில், புலிமுண்டோ குழு அதை மின்கித்தாருக்கு மாற்றி நகர மேடைக்குக் கொண்டுவந்தது.

1936-ஆம் ஆண்டு நடந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மிண்டெலோவில் 'கிளாரிடாடே' என்ற இலக்கிய இதழ் தொடங்கியது. தீவு மக்களின் வறட்சியையும் புலம்பெயர்வையும் முதன்முறையாகத் தம் குரலில் எழுதியவர்கள் அந்த இதழ்க்காரர்கள். அதே ஆண்டில் சாந்தியாகோவின் வடமுனை தர்ராஃபாலில் போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசாரின் அரசு சிறைமுகாம் திறந்தது. முதலில் அடைபட்டவர்கள் போர்ச்சுகலிலேயே அவரை எதிர்த்தவர்கள், 1961-க்குப் பிறகு அங்கோலா, கினி பிசாவ், கேப் வெர்டே விடுதலைப் போராளிகள். வெயிலில் கொதிக்கும் காங்கிரீட் பெட்டிக்குள் மனிதர்களை அடைத்தார்கள். 1974 மேயில்தான் கதவு திறந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 5-இல் நாடு விடுதலை பெற்றது. முகாம் இப்போது அருங்காட்சியகம். அங்கிருந்து சிறிது தூரத்தில், தென்னை நிழலோடு தீவின் மிக அழகான கடற்கரை. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், ஆனால் முகாமை முதலில் பாருங்கள்.

சாந்தியாகோவில் குறைகளும் உண்டு. பிராயா மிண்டெலோ அளவுக்கு அழகில்லை. மேட்டில் இருக்கும் பழைய நகரப் பகுதியை விட்டால் நடந்து ரசிக்க அதிகமில்லை. இரவில் தனியே நடக்க வேண்டாம், டாக்ஸி எடுங்கள். வடக்கே போக சுக்குப்பீரா சந்தையிலிருந்து பங்குவேன்கள் கிளம்பும். ஆள் நிரம்பும்வரை ஊரைச் சுற்றிவரும். அவசரக்காரர்களுக்கு இது சோதனை. வழியில் அசோமாடாவில் சந்தை நாளாக இருந்தால் இறங்கிவிடுங்கள். ஆடு, சோளம், அவரை, வண்ணத் துணி எல்லாம் ஒரே இடத்தில்.

சாப்பாட்டில் இரண்டு தீவும் சமம். கச்சூப்பாதான் எங்கும்: இடித்த சோளம், பயறு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி சேர்த்து மணிக்கணக்கில் வேகும் கூழ்க்குழம்பு. இறைச்சி போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. சைவர்கள் தெளிவாகக் கேட்டு வாங்குவது நல்லது. மிச்சத்தை மறுநாள் காலையில் வதக்கி மேலே முட்டை போட்டுத் தருவார்கள். எனக்கு அதுதான் இன்னும் ருசி.

கையில் பத்து நாள் இருந்தால் சாந்தியாகோவோடு ஃபோகோ தீவையும் சேருங்கள். 2,829 மீட்டர் எரிமலை. 2014 நவம்பரில் வெடித்து, குழிக்குள் இருந்த போர்டெலா, பங்கயேரா கிராமங்களை எரிகுழம்பு விழுங்கியது. மக்கள் திரும்பிவந்து அதே கருமண்ணில் வீடு கட்டி, திராட்சை வளர்த்து ஒயின் செய்கிறார்கள்.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் என் தீர்ப்பு மாறும். தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல் வாரத்தில் போவதாக இருந்தால் யோசிக்காமல் மிண்டெலோவுக்குப் போங்கள். பிரேசிலின் சாயல் கொண்ட அந்த ஊர்வலத்துக்காக ஊரே மாதக்கணக்கில் தைக்கிறது, பயிற்சி எடுக்கிறது. ஜனவரியிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பெல்லாம் கறுப்பு பூசிய மந்திங்கா கூட்டம் தெருவில் இறங்கிவிடும். அறையை வெகு முன்பே பிடித்துவிடுங்கள். சகாராவின் புழுதி வந்து மூடி விமானங்கள் நிற்கும் பருவமும் அதுதான். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.