ஜின் யோங்: பல வருடம் படித்து, பல வருடம் பார்த்த பிறகு

சீன வாள்வீரக் கதைகள் எழுதிய ஜின் யோங்கை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, படத்தில் தொடங்காதீர்கள் என்பதைத்தான். இரண்டரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு, “பறந்து பறந்து சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதானே?” என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கதைகள் நாள்கணக்கில் நம்மோடு கிடந்து ஊறினால்தான் தங்கள் பலத்தைக் காட்டும். நான் ஈப்போவில் வளர்ந்தவன், தொடக்கப்பள்ளி சீனப்பள்ளியில். முதலில் வீடியோ டேப், பிறகு புத்தகம், பிறகு ஆஸ்ட்ரோவின் சீனச் சேனலான வா லை தொய், இப்போது இணையம் என்று இந்தக் கதைகள் என்னோடு கூடவே வந்திருக்கின்றன. அப்படி வாழ்ந்து பார்த்ததில் எது நின்றது, எது உதிர்ந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. இயற்பெயர் ஜா லியாங்யோங். 1924இல் சீனாவின் ஜெஜியாங் மாநிலத்தில் ஹைனிங் என்ற ஊரில் பிறந்தார். ஹாங்காங்கில் பத்திரிகையாளர். 1955இல் முதல் நாவலைத் தொடங்கி 1972இல் கடைசி நாவலை முடித்தார். மொத்தம் 15 கதைகள். அதோடு புதுக்கதை எழுதுவதை நிறுத்திவிட்டார். 2018 அக்டோபரில் 94 வயதில் காலமானார்.

இதில் கவனிக்க வேண்டியது, இவை பெரும்பாலும் நாளிதழ்த் தொடர்களாக வந்தவை என்பது. நம் கல்கி வாராவாரம் எழுதி வாசகரைக் காக்க வைத்தார். இவர் தினமும் காக்க வைத்தார். 1959இல் மிங் பாவ் என்ற நாளிதழைக் கூட்டாளியோடு சேர்ந்து சொந்தமாகத் தொடங்கியபோது, முதல் இதழிலேயே ‘கழுகு வீரர்கள்’ வரிசையின் இரண்டாம் நாவலை ஆரம்பித்தார். பத்திரிகை பிழைத்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம். தலையங்கமும் அவரே, தொடர்கதையும் அவரே. இந்தத் தினசரிப் பழக்கம் எழுத்தில் ஊறியிருக்கிறது. ஒவ்வொரு சில பக்கத்துக்கும் ஒரு முடிச்சு விழும். நூறு பக்கம் முன்னால் வந்துபோன சத்திரக்காரன் திடீரென்று முக்கியமான ஆளாகத் திரும்பி வருவான்.

தினத்தொடருக்கே உரிய விபத்துகளும் உண்டு. 1965இல் ஜின் யோங் ஐரோப்பா போனபோது, ‘தேவரும் அசுரரும்’ கதையைத் தொடரும் பொறுப்பை நண்பர் நி குவாங்கிடம் ஒப்படைத்தார். நி குவாங்குக்கு ஆ ஸி என்ற பெண் பாத்திரத்தைப் பிடிக்காது. அவள் கண்ணைக் குருடாக்கிவிட்டார். திரும்பி வந்த ஜின் யோங், பிற்பாடு புத்தகமாக்கியபோது நண்பர் எழுதிய பகுதியை எடுத்துவிட்டாலும் அந்தக் குருட்டை மட்டும் விட்டுவைத்தார். அதிலிருந்தே ஒரு கொடூரமான காதல் கதையைக் கட்டினார். இது தெரிந்தபின் அந்த அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள், கைத்திறன் என்றால் என்ன என்று புரியும்.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இவர் வெளியூர்க்காரர் அல்ல. அந்த ‘தேவரும் அசுரரும்’ ஹாங்காங்கில் வந்த அதே காலத்தில் சிங்கப்பூரின் நன்யாங் சியாங் பாவ் நாளிதழிலும் வெளியானது. 1967இல் சிங்கப்பூரில் ஷின் மின் நாளிதழை ஜின் யோங்கோடு சேர்ந்து நிறுவியவர் லியுங் யுன் சீ. யார் என்கிறீர்களா? நம் வீடுகளில் தலைவலிக்கும் சளிக்கும் தடவும் கோடாலித் தைலத்தின் அதிபர். பாட்டியின் இடுப்பு முடிச்சில் இருந்த அந்தச் சின்ன பாட்டிலுக்கும் ஜின் யோங்குக்கும் இப்படி ஒரு உறவு இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

இன்னொரு உறவு கதைக்குள்ளேயே இருக்கிறது. ‘தேவரும் அசுரரும்’ என்று நான் சொல்லும் நாவலின் சீனத் தலைப்பு, பௌத்த நூல்கள் சொல்லும் எட்டு வகை உயிர்களைக் குறிப்பது: தேவர், நாகர், யட்சர், கந்தர்வர், அசுரர், கருடர், கின்னரர், மகோரகர். நமக்கு இவர்களில் யாரையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஷாவோலின் மடத்தின் வித்தைகள் எல்லாம் போதிதர்மர் வரைக்கும் போகின்றன. காஞ்சிபுரத்தோடு நம் மரபு சேர்த்துச் சொல்லும் அதே போதிதர்மர். இன்னொரு நாவலில், ஒரு மாபெரும் உள்வலிமைச் சுவடி லங்காவதார சூத்திரத்தின் வரிகளுக்கு நடுவே எழுதி ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். கழுகு வீரர்கள் முதல் நாவலில், ஒரு வித்தைச் சுவடியில் யாருக்கும் விளங்காத பகுதியைப் படித்துப் பொருள் சொல்வது ஓர் இந்தியத் துறவியின் துணையோடுதான் நடக்கிறது. இந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பக்கங்கள் எட்டத்தில் இருப்பதாகத் தோன்றாது.

இனி தொடர்கள். 1983இல் ஹாங்காங் தொலைக்காட்சி நிறுவனமான டிவிபி எடுத்த ‘கழுகு வீரர்கள்’ (வரிசையின் முதல் நாவல்) 59 அத்தியாயம். நாயகன் குவோ ஜிங்காக பெலிக்ஸ் வோங், நாயகி ஹுவாங் ரோங்காக பார்பரா யுங். இன்றைக்குப் பார்த்தால் ஸ்டூடியோத் தரை தெரியும், பின்னால் தொங்கும் ஓவியத் திரை தெரியும், சில காட்சிகளில் கம்பியும் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிற தொடர் இது. காரணம், குவோ ஜிங் மந்தமானவன் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. மங்கோலியப் புல்வெளியில் ஏழு குருமார்கள் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தும் அவனுக்கு ஏறாது. அந்த ஏறாமையை நாம் பல மணி நேரம் பார்த்தால்தான், பிற்பாடு அவன் கற்றுக்கொள்ளும் பதினெட்டு டிராகன் அடிகளுக்கு எடை வரும். பார்பரா யுங் 1985இல், 26 வயதில் இறந்துபோனார். ஹாங்காங், மலேசிய ரசிகர்களில் ஒரு தலைமுறைக்கு ஹுவாங் ரோங் என்றால் இன்றும் அவர் முகம்தான். எனக்கும் அப்படியே.

அந்தப் பதினெட்டு அடிகளை அவன் எப்படிக் கற்கிறான் என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிச்சைக்காரர் சங்கத் தலைவர் ஹோங் சிகோங் சாப்பாட்டுப் பிரியர். ஹுவாங் ரோங் தினம் ஒரு சமையல் செய்து அவரை அங்கேயே நிறுத்திவைக்கிறாள். ஒரு நாள் உப்பிட்டுப் பதப்படுத்திய முழுப் பன்றித்தொடையில் 24 குழிகள் தோண்டி, டோஃபுவை 24 உருண்டைகளாகச் செதுக்கி, குழிக்கு ஒன்றாக வைத்து ஆவியில் வேகவைக்கிறாள். இறைச்சியின் ருசி முழுதும் டோஃபுவில் இறங்கியதும் இறைச்சியைத் தூக்கிப் போட்டுவிடுகிறாள். புத்தகத்தில் இதைப் படிக்கும்போது நாக்கு ஊறும். நொறுங்கும் டோஃபுவை உருண்டையாகச் செதுக்க எவ்வளவு நுட்பமான விரல் வேண்டும் என்பதையும் ஜின் யோங் விடாமல் சொல்வார்; அது அவளுடைய தந்தை கற்றுக்கொடுத்த வித்தையின் பலன். ஒரே சமையல் குறிப்பில் ஒரு பெண்ணின் அறிவும், ஒரு கிழவரின் பலவீனமும், ஒரு மந்தப் பையனின் அதிர்ஷ்டமும் வந்துவிடுகின்றன. வேகமான தொடர்கள் இதைத் தட்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

1983லேயே ஆண்டி லாவ் கழுகு வீரர்கள் இரண்டாம் நாவலின் நாயகன் யாங் குவோவாக நடித்த தொடரும் வந்தது. 1995இல் லூயிஸ் கூ. இந்த இரண்டில் எனக்கு லூயிஸ் கூ. யாங் குவோவின் கசப்பு அந்த முகத்தில் இயல்பாக உட்கார்ந்திருந்தது. 1984இல் டோனி லியுங் கடைசி நாவலின் நாயகன் வெய் சியாவ்பாவாகவும், ஆண்டி லாவ் காங்ஸி பேரரசராகவும் நடித்தது தனி விருந்து.

பெருநிலச் சீனத் தயாரிப்புகள் வந்தபோது காட்சியின் அளவு மாறியது. சீன மத்தியத் தொலைக்காட்சிக்கு ஜின் யோங் ஒரு நாவலின் உரிமையை 1 யுவானுக்குக் கொடுத்தார். 2001இல் அந்தத் தொடர் வந்தது. உண்மையான மலை, உண்மையான ஏரி, உண்மையான குதிரை. என் வரையில் இந்த வரிசையின் உச்சம் 2003இல் வந்த ‘தேவரும் அசுரரும்’, அதில் சியாவ் ஃபெங்காக வந்த ஹு ஜுன்.

சியாவ் ஃபெங் யார் என்று சொல்லியாக வேண்டும். ஹான் சீனர்களிடையே வளர்ந்தவன், பிச்சைக்காரர் சங்கத்தின் தலைவன், எல்லோரும் மதிக்கும் வீரன். ஒரு நாள் அவன் பிறப்பால் எதிரி இனமான கித்தான் என்று தெரியவருகிறது. நேற்று வரை அண்ணன் என்றவர்கள் இன்று அவனைக் கொல்லக் கூட்டம் போடுகிறார்கள். காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கக்கூடிய ஒரே மருத்துவர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்பதற்காக, அவளைச் சுமந்துகொண்டு அங்கேயே போகிறான். சண்டைக்கு முன் மது கேட்கிறான். பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு கிண்ணம் குடிக்கலாம். இதோடு நட்பு அறுந்தது, இனி நான் உன்னைக் கொன்றால் நன்றி மறந்தவன் ஆகமாட்டேன், நீ என்னைக் கொன்றால் துரோகி ஆகமாட்டாய் என்கிறான். ஒவ்வொருவராக வருகிறார்கள். ஹு ஜுன் அந்தக் கிண்ணங்களைக் குடிக்கும்போது சத்தம் போடுவதில்லை. ஒவ்வொரு முகத்தையும் ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கிறார். 1997 டிவிபி தொடரில் பெலிக்ஸ் வோங் இதே காட்சியைக் கொதிப்போடு செய்தார், அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் பிறந்த இனம் ஒன்று, பழகிய மொழியும் கூட்டமும் வேறு என்று வளர்ந்த எவருக்கும் அந்த ஒரு நொடிப் பார்வை எங்கே தைக்கும் என்று எனக்குத் தெரியும். சீனப்பள்ளியில் படித்த தமிழ்ப் பையனான என்னை இந்த நாவல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சண்டை அல்ல.

படங்களில் எனக்கு நின்றவை, மூலத்தை விட்டு விலகத் துணிந்தவைதான். வோங் கார்-வாய் 1994இல் எடுத்த படம் கதையைத் தொடவே இல்லை. கிழவர்களாக நாம் அறிந்த இரண்டு பாத்திரங்களின் இளமையைத் தானே கற்பனை செய்து பாலைவனத்தில் உட்காரவைத்தது. 1992இல் வந்த ‘வாள்வீரன்’ இரண்டாம் பாகத்தில் ப்ரிஜிட் லின் தோங்ஃபாங் பூபாயாக வந்தார். நாவலில் அந்தப் பாத்திரம் மிகச் சில பக்கங்களுக்குத்தான் வரும்: அதிகாரத்துக்கான ஒரு வித்தைக்காகத் தன்னையே சிதைத்துக்கொண்ட ஆண். படத்தில் ப்ரிஜிட் லின்னின் கம்பீரம் அவனைக் கதையின் மையமாக்கிவிட்டது. அதன் நிழல் பிறகு தொடர்களிலும் விழுந்தது. 2013 தொடரில் அந்தப் பாத்திரம் பெண்ணாகவே மாறி நாயகனைக் காதலித்தது. ப்ரிஜிட் லின் படம் பெரிய கலை. 2013 தொடர் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் அந்த நாவல் பேசுவது அதிகார வெறியைப் பற்றி. காதல் புகுந்ததும் அந்தக் கேள்வி கரைந்துபோகிறது. 2025இல் சுய் ஹார்க் எடுத்த படம் கழுகு வீரர்களின் கடைசிச் சில அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. போர்க்களம் பிரமாதம். ஆனால் மந்தப் பையனாக குவோ ஜிங்கைப் பார்க்காதவர்களுக்கு, அவன் செங்கிஸ் கான் முன்னால் நின்று பேசுவதன் பெருமை பாதிதான் போய்ச் சேரும்.

அந்த அதிகார நாவல் 1967 முதல் 1969 வரை, பெருநிலத்தில் பண்பாட்டுப் புரட்சி நடந்தபோது எழுதப்பட்டது. அதன் பின்னுரையில் ஜின் யோங் ஒரு செய்தி சொல்கிறார்: சைகோனில் சீன, வியட்நாமிய, பிரெஞ்சுப் பத்திரிகைகள் 21 இதை ஒரே சமயத்தில் வெளியிட்டன, அங்கே நாடாளுமன்ற விவாதத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘நீ யுவே பூசுன்’ என்று திட்டிக்கொண்டார்களாம். யுவே பூசுன் என்பவர் அந்தக் கதையில் கனவான் வேடம் போட்ட குரு. சீனாவின் அலிபாபா நிறுவனத்தில் ஊழியர்கள் வீரர்களின் புனைபெயர் வைத்துக்கொள்வது வழக்கம். ஜாக் மா தனக்கு வைத்துக்கொண்டது அதே நாவலில் வரும் ஃபெங் சிங்யாங் என்ற ஒதுங்கி வாழும் வாள் குருவின் பெயர். ஹுவா மலையில் ‘ஹுவா மலையின் வாள் விவாதம்’ என்று எழுதிய கல் இருக்கிறது. கதையில் மட்டுமே நடந்த போட்டிக்கு அது சாட்சி நிற்கிறது. ஹாங்காங் ஷா தின்னில் மரபுடைமை அருங்காட்சியகத்தில் 2017 முதல் ஜின் யோங்குக்கென்று ஒரு காட்சிக்கூடமும் உண்டு.

புத்தகம் வாங்குபவர்கள் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். பத்திரிகையில் வந்ததை 1970 முதல் 1980 வரை ஒரு தடவை திருத்தினார். 36 தொகுதி வரிசை அதுதான். 1999க்குப் பிறகு மறுபடியும் உட்கார்ந்து திருத்தினார். இந்தக் கடைசித் திருத்தத்தில் ஹுவாங் ரோங்கின் தந்தையான பீச் மலர்த் தீவின் அதிபருக்குத் தன் சிஷ்யை மேல் ஒரு மயக்கம் இருந்ததாகச் சேர்த்தார். ‘தேவரும் அசுரரும்’ நாவலில் வரும் துவான் யூவின் காதல் முடிவையும் மாற்றினார். படைத்தவருக்கு உரிமை உண்டு. ஆனால் இறந்த மனைவிக்காகவே வாழ்ந்த அந்த மனிதரின் துக்கத்தை இந்தச் சேர்க்கை மங்கவைக்கிறது. நான் நடுப் பதிப்பையே சிபாரிசு செய்வேன்.

சீனம் தெரியாதவர்களுக்கு, 2018 முதல் 2021 வரை நான்கு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்த ‘கழுகு வீரர்கள்’ ஓட்டமாகப் படிக்கலாம். அதோடு 1983 தொடரையும் தினம் ஒரு அத்தியாயமாகப் பாருங்கள். மொத்தமாகப் பார்த்துத் தீர்க்க வேண்டாம். அடுத்து 2003 ‘தேவரும் அசுரரும்’. வெய் சியாவ்பாவ் வரும் கடைசி நாவலை எத்தனை பேர் புகழ்ந்தாலும் கடைசியில்தான் எடுக்க வேண்டும். வித்தை எதுவும் தெரியாத, பொய் மட்டுமே தெரிந்த ஒரு பையன் நாயகன். குவோ ஜிங்கையும் சியாவ் ஃபெங்கையும் மனதில் வைத்துப் படிப்பவருக்குத்தான் ஜின் யோங் அங்கே தன்னுடைய எந்த நம்பிக்கையையெல்லாம் கேள்வி கேட்கிறார் என்பது தெரியும்.