மேன், ஜெர்சி, கேர்ன்சி: கட்சி பலம் இல்லாத மன்றத்தில் பெரும்பான்மை எங்கே சேர்கிறது?

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மேன் தீவு. பிரான்ஸின் நார்மண்டிக் கரையை ஒட்டி ஜெர்சியும் கேர்ன்சியும். மூன்றும் பிரிட்டிஷ் முடிக்கு உட்பட்டவை. ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல, வெஸ்ட்மின்ஸ்டருக்கு எம்.பி. அனுப்புவதும் இல்லை. பாதுகாப்பையும் வெளியுறவையும் லண்டன் பார்த்துக்கொள்கிறது. வரி, பள்ளி, மருத்துவமனை, போலீஸ், நிலம் எல்லாம் தீவின் சொந்தப் பொறுப்பு. 2021 கணக்கெடுப்பில் மேன் தீவில் 84,069 பேர், ஜெர்சியில் 1,03,267 பேர். கேர்ன்சியில் சுமார் 64,000 பேர்.

மூன்றிலும் கட்சிகளின் பிடி மிகக் குறைவு. ஜெர்சியில் ரிஃபார்ம் ஜெர்சி என்ற கட்சி கொஞ்சம் வலுவாக நிற்கிறது. மற்றபடி பெரும்பாலான உறுப்பினர்கள் சுயேச்சைகள். கொறடா உத்தரவு கிடையாது, தேர்தல் இரவிலேயே ஆட்சி யாருக்கு என்று தெரிந்துவிடுவதும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு முடிவுக்கும் யாராவது எங்காவது உட்கார்ந்து பெரும்பான்மையைச் சேர்த்தாக வேண்டும். மேன் தீவில் அந்த வேலை பெரும்பாலும் அவை கூடும் முன்பே துறைகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஜெர்சியில் பதவிக்காலத்தின் தொடக்கத்தில் முதலமைச்சர் அதைச் சேர்க்கிறார், நடுவில் அது கலையவும் செய்யலாம். கேர்ன்சியில் ஒவ்வொரு விவாதத்திலும் அவையிலேயே புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற அமைப்பு விவரங்கள் தாமாகவே புரியும்.

மேன் தீவு: ஈரவை, ஆனால் எதிர்வரிசை இல்லை

டின்வால்ட் என்பது மேன் தீவின் நாடாளுமன்றம். கீழவையான ஹவுஸ் ஆஃப் கீஸில் 24 பேர். 2016 முதல் 12 தொகுதிகள், தொகுதிக்கு இரண்டு உறுப்பினர், ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல். முன்பு ஒரு தொகுதிக்கு ஒருவர், இன்னொன்றுக்கு மூவர் என்று இருந்ததால், வாக்காளருக்குக் கிடைத்த ஓட்டுகளின் எண்ணிக்கையே இடத்துக்கு இடம் மாறியது. இப்போது எல்லோருக்கும் இரண்டு ஓட்டு. மேலவையில் 11 பேர்: டின்வால்ட் தலைவர், ஆயர், வாக்குரிமை இல்லாத அட்டர்னி ஜெனரல், கீஸ் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் எட்டுப் பேர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேலவை உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஆயர் ஓட்டுப் போடுவதைப் பற்றிய சர்ச்சை நீண்ட கால வரலாறு கொண்டது. மத அலுவலர் ஒருவர் பதவி வழியாகவே சட்டத்துக்கு ஓட்டுப் போடுவதற்கு நியாயம் சொல்வது கடினம் என்பதே என் எண்ணமும்.

மசோதாக்களை இரு அவைகளும் தனித்தனியே எடுத்துக்கொள்கின்றன. கொள்கை முடிவு, வரவுசெலவு, துணை விதிகள் இவற்றுக்கு இரண்டும் மாதம் ஒருமுறை ஒரே கூடத்தில் டின்வால்ட் கோர்ட்டாக அமர்கின்றன. அங்கேயும் ஓட்டு தனித்தனியாகவே எண்ணப்படும். கீஸ் ஆம் என்று சொல்லி மேலவை இல்லை என்றால் தீர்மானம் விழும். பிந்தைய கூட்டத்தில் இரு அவைகளின் ஓட்டுகளையும் சேர்த்து எண்ணும்படி அதே தீர்மானத்தைத் திரும்பக் கொண்டுவரலாம்.

முதலமைச்சர் பதவி 1986இல் வந்தது. மைல்ஸ் வாக்கர் முதல் ஆள். முன்பு டின்வால்ட் முழுவதும் முதலமைச்சரைத் தேர்ந்தெடுத்தது, 2021இல் ஆல்ஃபிரெட் கேனனைத் தேர்ந்தெடுத்தது கீஸ் மட்டுமே. தேர்ந்தெடுக்கப்படாத மேலவைக்கு இதில் கை இல்லாமல் போனது நல்ல மாற்றம்.

சிக்கல் இருப்பது துறைகளில். எட்டுத் துறைகள், எட்டு அமைச்சர்கள், முதலமைச்சர் என ஒன்பது பேர். சபாநாயகர் ஒருவர். மீதி உள்ளவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு துறையில் ‘துறை உறுப்பினர்’ என்ற பொறுப்பில் இருப்பார்கள். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு ஒன்பது பேரைக் கட்டுகிறது, துறைக் கட்டுப்பாடு மற்றவர்களைத் தத்தம் துறை விஷயத்தில் கட்டுகிறது. 24 பேர் அவையில் முழுக்கக் கட்டற்று நிற்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். டின்வால்டின் செயல்பாட்டைப் பற்றி 2016இல் லிஸ்வேன் பிரபு தந்த ஆய்வறிக்கை தொட்ட இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் துறைக்குள் போனால்தான் அதிகாரிகளோடு பேசித் தொகுதிக்கு ஏதாவது செய்ய முடியும் என்று உறுப்பினர்கள் நினைக்கிறார்கள். அதனால் பழக்கம் மாறவில்லை. கூட்டம் கூடும்போது பெரும்பான்மை ஏற்கனவே மேசையில் இருக்கும். அரசு வேகமாக நகரும், ஆனால் தவறு நடந்தால் உரக்கக் கேட்க ஆள் குறைவு.

ஜெர்சி: விமர்சகர்களுக்கு இடம் ஒதுக்கிய சட்டம்

ஜெர்சி 2005 வரை குழுக்களால் ஆளப்பட்டது. 2000இல் வந்த கிளோதியர் அறிக்கை அமைச்சர் முறைக்கு மாறச் சொன்னது. 2005 டிசம்பரில் மாறினார்கள். 49 உறுப்பினர் கொண்ட ஓரவை மன்றம். தேர்தல் முடிந்ததும் முதலமைச்சர் பதவிக்குப் போட்டியிடுவோர் தம் திட்டத்தை எழுதித் தர வேண்டும். அவை அவர்களைக் கேள்வி கேட்டு, வெளிப்படையாக ஓட்டுப் போடும். வெற்றி பெற்றவர் அமைச்சர் பட்டியலைக் கொண்டுவருவார், ஆனால் ஒவ்வொரு பதவிக்கும் அவையிலிருந்து மாற்று ஆளை முன்மொழியலாம். 2014இல் வந்த திருத்தம், அமைச்சரை நீக்கும் அதிகாரத்தை முதலமைச்சருக்குத் தந்து கூட்டுப் பொறுப்பையும் சேர்த்தது.

இதற்கு எதிர் எடையாக ஒரு விதி இருக்கிறது, டிராய் விதி என்பார்கள். அமைச்சர்களும் துணை அமைச்சர்களும் சேர்ந்து அவையில் சிறுபான்மையாகவே இருக்க வேண்டும்: 49இல் 21க்கு மேல் போகக் கூடாது. மேன் தீவில் நடப்பதற்கு நேர் எதிர் இது. மீதமுள்ளவர்களிலிருந்து ஆய்வுக் குழுக்கள் அமைகின்றன. ஒரு சட்ட வரைவின் அடிப்படைக் கொள்கையை அவை ஏற்றதும், அவைத்தலைவர் அந்தந்த ஆய்வுக் குழுத் தலைவரிடம் ‘வரைவை எடுத்துப் பார்க்க விரும்புகிறீர்களா?’ என்று கேட்பார். விரும்பினால் பிரிவு வாரியான விவாதம் அங்கேயே நிற்கும், குழு ஆராய்ந்து வந்த பிறகுதான் தொடரும்.

முதலமைச்சர் சேர்த்த பெரும்பான்மை உறுதியானதா என்றால், இல்லை. 2022 ஜூலையில் வந்த கிறிஸ்டினா மூரின் அரசை 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கவிழ்த்தது. சில நாட்களிலேயே லிண்டன் ஃபார்னம் முதலமைச்சரானார். பொதுத் தேர்தல் தேவைப்படவில்லை. இதைச் சிலர் நிலையின்மை என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, தேர்தலுக்கு நடுவே ஓர் அரசைப் பொறுப்பாக்கும் வழி அது.

ஜெர்சியின் பலவீனம் பிரதிநிதித்துவத்தில் இருக்கிறது. 12 பாரிஷ்களின் (உள்ளூராட்சிப் பிரிவுகளின்) தலைவர்கள், அதாவது கான்ஸ்டபிள்கள், அந்தப் பதவியாலேயே மன்ற உறுப்பினர்கள். செயின்ட் ஹீலியரில் சுமார் 36,000 பேர், செயின்ட் மேரியில் சுமார் 1,800 பேர். இரண்டுக்கும் ஒரு கான்ஸ்டபிள், ஒரு ஓட்டு. கிளோதியர் அறிக்கை இவர்களை அவையிலிருந்து விலக்கச் சொன்னது. 2014 பொதுவாக்கெடுப்பில் மக்கள் இருக்கட்டும் என்றார்கள். பல பாரிஷ்களில் போட்டியே இருக்காது. அதனால் 2022 முதல் ஒருவர் மட்டும் நிற்கும் இடத்திலும் வாக்குச்சீட்டு உண்டு, ‘இவர்களில் யாரும் இல்லை’ என்ற வரியோடு.

தீவு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்த செனட்டர்கள் எட்டுப் பேரை 2022இல் நீக்கி, ஒன்பது தொகுதிகளில் 37 டெபுடிகளை, அதாவது தொகுதி உறுப்பினர்களை, வைத்தார்கள். அளவில் சமமான தொகுதி வேண்டும் என்பது நோக்கம். ஆனால் தீவு முழுமைக்கும் முகமாக நிற்கும் ஆள் இல்லாமல் போனதை மக்கள் ஏற்கவில்லை. 2026 தேர்தலுக்கு 9 செனட்டர், 28 டெபுடி, 12 கான்ஸ்டபிள் என்று மன்றம் திரும்ப மாற்றிவிட்டது. சமமான தொகுதியையும் தீவு முழுவதற்குமான ஓட்டையும் 49 இடத்துக்குள் அடக்கும்போது, 12 இடங்களைத் தொடாமல் விட்டால் கணக்கு எப்படிப் போட்டாலும் இடிக்கத்தான் செய்யும்.

கேர்ன்சி: நாற்பது பேரும் அரசாங்கம்

2000இல் கேர்ன்சிக்கும் ஓர் ஆய்வு நடந்தது. ஆனால் அவர்கள் அமைச்சர் முறைக்குப் போகவில்லை. மன்றத்தில் 38 டெபுடிகள், பக்கத்துத் தீவான ஆல்டர்னியிலிருந்து இருவர், ஆக 40 ஓட்டு. 2016க்கு முன் டெபுடிகள் 45. அரசு என்பது இந்த மன்றம்தான், தனியாக ஓர் அமைச்சரவை கிடையாது. ஐந்து பேர் கொண்ட கொள்கை, வள ஆதாரக் குழு மேலே. கீழே பொருளாதாரம், கல்வி, சமூகப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், சுகாதாரம், உள்துறை என ஆறு முதன்மைக் குழுக்கள், குழுவுக்கு ஐந்து பேர். தலைவர் முதல் உறுப்பினர் வரை எல்லோரையும் அவையே தேர்ந்தெடுக்கிறது. மேல்குழுவின் கையில் கருவூலம் இருக்கிறது. மற்ற குழு அவைக்கு அனுப்பும் முன்மொழிவான கொள்கைக் கடிதத்தோடு தன் கருத்துக் கடிதத்தை இணைக்கலாம். ஆனால் ‘இதைச் செய்’ என்று உத்தரவிட முடியாது. 2025 ஜூலையில் அக்குழுவின் தலைவராக வந்த லிண்ட்சே டி சோஸ்மரேஸுக்கும் இதே வரம்புதான்.

ஏழு உறுப்பினர் கையெழுத்திட்டால் ‘ரெக்கெட்’ என்ற மனுவை அவையில் வைக்கலாம். குழு என்ன சொன்னாலும், முன்பு அவையே என்ன முடிவெடுத்திருந்தாலும் அதை மாற்றலாம். குழுவைத் தாண்டி அவையையே முடிவெடுக்க வைக்கும் திறந்த தன்மை இது. இதனால் நேரும் சேதத்தைக் கல்வியில் பாருங்கள். பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போகும் என்று தீர்மானிக்கும் பதினொரு வயதுத் தேர்வை நிறுத்த 2016இல் முடிவு. 2018 ஜனவரியில் ஒரே பள்ளி, இரண்டு வளாகம் என்ற திட்டம். 2020 மார்ச்சில், தேர்தல் நெருங்கும் வேளையில், ‘நிறுத்தி மறுபரிசீலனை செய்’ என்று ரெக்கெட். 2021இல் மூன்று பள்ளிகள், தனியாக ஆறாம் படிவ மையம் (பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கு) என்ற வேறொரு திட்டம். குழுத் தலைவர்கள் மாறினார்கள், வரைபடங்கள் மாறின. இடையில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு எந்தக் கட்டடம் நிலைக்கும் என்பது தெரியாது. ஒவ்வொரு ஓட்டும் தனித்தனியே ஜனநாயக முறைப்படி நடந்தது. ஆனால் ஒரு முடிவை ஐந்தாண்டு தாங்கிப் பிடிக்கும் பெரும்பான்மை உருவாகவே இல்லை.

தேர்தல் முறையும் இதற்குத் துணைபோகிறது. 2018 அக்டோபரில் கேர்ன்சியின் முதல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஐந்து தெரிவுகளை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். 40 சதவீதம் வாக்குப்பதிவு தாண்டினால் முடிவை ஏற்பதாக மன்றம் சொல்லியிருந்தது. 45 சதவீதம் பதிவாகி, தீவு முழுவதும் ஒரே தொகுதி என்ற தெரிவு வென்றது. 2020இல் 119 வேட்பாளர்கள், ஒரு வாக்காளருக்கு 38 ஓட்டு வரை. 119 தேர்தல் அறிக்கைகளை எத்தனை பேர் முழுக்கப் படித்திருப்பார்கள்? பெயர் தெரிந்தவர்கள் மேலே வருவார்கள், பட்டியலின் அடிப்பகுதி அதிர்ஷ்டம். 2025இல் 82 பேர் நின்றதால் சற்றுத் தேவலை. எனக்கு இந்த முறையில் உடன்பாடில்லை: 38 பேரும் எல்லோருக்கும் பிரதிநிதி என்றால், தெருவில் தண்ணீர் தேங்கும்போது யாரைக் கூப்பிடுவது?

ஒரே வரி, மூன்று வழிகள்

பொருள் மற்றும் சேவை வரியை எடுத்துக்கொள்வோம். ஜெர்சி 2008 மே மாதம் 3 சதவீதமாகக் கொண்டுவந்து 2011 ஜூனில் 5 ஆக்கியது. எதிர்ப்பு கடுமையாக இருந்தும் அமைச்சரவையால் ஓட்டைச் சேர்க்க முடிந்தது. கேர்ன்சியில் மேல்குழு 2023 தொடக்கத்தில் கேட்டது, மன்றம் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி மறுத்தது. டிசம்பரில் பீட்டர் ஃபெர்பிராஷ் தலைமையிலான குழு பதவியிழந்தது. புதிய குழு 2024 நவம்பரில் கேட்டபோது அதே மன்றம் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. மேன் தீவிலோ கதையே வேறு. 1979 ஒப்பந்தப்படி பிரிட்டனோடு சேர்ந்து வாட் (மதிப்புக் கூட்டு வரி) வசூலித்துப் பங்கு பெறுகிறார்கள். ஆகவே டின்வால்டில் அந்தச் சண்டையே இல்லை. அதற்கு விலையும் உண்டு: 2009இல் லண்டன் பங்கீட்டை மாற்றியபோது தீவின் வருமானத்தில் பெரிய ஓட்டை விழுந்தது, எந்த ஓட்டெடுப்பாலும் அதைத் தடுக்க முடியவில்லை.

அவைத்தலைவர் நாற்காலி

ஜெர்சியிலும் கேர்ன்சியிலும் அவைக்குத் தலைமை தாங்குபவர் பெய்லிஃப், தீவின் தலைமை நீதிபதியும் அவரே. இது எங்கே இடிக்கும் என்பதைக் கேர்ன்சியில் ஒரு பூ வளர்ப்பாளரின் வழக்கு காட்டியது. திட்ட அனுமதி தொடர்பான அவருடைய முறையீட்டைக் கேட்ட பெய்லிஃப், அந்த நிலத்தைக் கட்டுப்படுத்திய மேம்பாட்டுத் திட்டம் 1990இல் மன்றத்தில் ஏற்கப்பட்டபோது துணை பெய்லிஃபாகத் தலைமை தாங்கியவர். 2000 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது நியாயமான விசாரணை உரிமையை மீறியது என்றது. ஜெர்சியில் 2010இல் கார்ஸ்வெல் அறிக்கை பெய்லிஃப் அவையை விட்டு விலகட்டும் என்று பரிந்துரைத்தும் நாற்காலி மாறவில்லை. மேன் தீவில் 1990 வரை லண்டன் அனுப்பும் ஆளுநர் தலைமை தாங்கினார், பிறகு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் தலைவர் வந்தார். இந்த ஒரு விஷயத்தில் மேன் தெளிவாக முந்தி நிற்கிறது.

குடிமகன் எந்தக் கதவைத் தட்டுவது

ஜெர்சியில் இணைய மனு 1,000 கையெழுத்தைத் தொட்டால் அமைச்சர் பதில் தர வேண்டும், 5,000 தொட்டால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். தனி உறுப்பினர் ஒருவரே தீர்மானம் தாக்கல் செய்யலாம். கேர்ன்சியில் ஒரு டெபுடியைப் பிடித்து, அவர் இன்னும் ஆறு பேரைப் பிடிக்க வேண்டும். மேன் தீவில் ஜூலை 5 அன்று செயின்ட் ஜான்ஸ் ஊரில் டின்வால்ட் குன்றின் முன் யாரும் குறைதீர் மனு தரலாம். மனு விதிப்படி இருந்தால் பிற்பாடு எந்த உறுப்பினரும் அதை எடுத்துக்கொண்டு விசாரணைக் குழு கேட்கலாம். உறுப்பினர் எடுக்காவிட்டால் அது காகிதமாகவே கிடக்கும்.

கருணை மரணம் இந்த மூன்று கதவுகள் வழியாகவும் வந்தது. கேர்ன்சியில் 2018இல் ரெக்கெட்டாக வந்து தோற்றது. ஜெர்சியில் மக்கள் நடுவர் குழுவில் தொடங்கி, 2021இல் கொள்கை ஒப்புதல், 2024 மேயில் விரிவான திட்டத்துக்கு ஒப்புதல் என்று படிப்படியாக நகர்ந்தது. மேன் தீவில் அலெக்ஸ் அல்லின்சன் கொண்டுவந்த தனிநபர் மசோதா, கீஸைத் தாண்டி மேலவைத் திருத்தங்களில் அலைந்து 2025 மார்ச்சில் நிறைவேறியது. துறைக் கட்டுப்பாடு இல்லாத தனிநபர் மசோதா என்பதால்தான் அங்கே உறுப்பினர்கள் அத்தனை நாள் வெளிப்படையாக வாதாடினார்கள்.

நிறைவேறினாலும் வேலை முடிவதில்லை. ஜெர்சிச் சட்டம் மன்னரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் வழியாக அரச ஒப்புதல் பெற்று, தீவின் ராயல் கோர்ட்டில் பதிவாக வேண்டும். கேர்ன்சியில் ஏற்கனவே உள்ள சட்டத்தின் கீழ் வரும் ஆணைகளுக்கு அந்த ஒப்புதல் வேண்டாம், அதனால் எதைச் சட்டமாக வைப்பது, எதை ஆணையாக வைப்பது என்பதை வரைவாளர்கள் முதலிலேயே யோசிப்பார்கள். மேன் தீவில் 1981 முதல் பெரும்பாலான மசோதாக்களுக்கு ஆளுநரே ஒப்புதல் தருகிறார். முக்கியமானவை லண்டனுக்குப் போகும். ஒப்புதல் கிடைத்த 18 மாதத்துக்குள் அந்தச் சட்டத்தின் சாரத்தை டின்வால்ட் குன்றில் ஆங்கிலத்திலும் தீவின் பழைய மொழியான மேங்ஸிலும் வாசித்து அறிவிக்க வேண்டும். தவறினால் சட்டம் செல்லாது.