அஸ்பெஸ்டஸ் சீற் கழற்ற 3எம் 6200 மாஸ்க்: எந்தப் பில்டரோடு வாங்குவது?

பழைய வீட்டின் அஸ்பெஸ்டஸ் சீற்றை இறக்கிவிட்டு ஓடோ தகடோ போட நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், 3எம் கம்பனியின் 6200 நல்ல மாஸ்க். ஆனால் அதோடு ‘செட்’டாகச் சேர்த்து விற்கப்படும் பில்டர் பெரும்பாலும் இந்த வேலைக்கு உதவாது. கடையில் தந்ததை அப்படியே மாட்டிக்கொண்டு கூரையில் ஏறினால் முகத்தில் மாஸ்க்கும் இருக்கும், நெஞ்சுக்குள் நாரும் போகும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது கூரை மாற்றும் வேலை நடக்கிறது. சன்னம் பட்ட ஓட்டையைத் தாரும் சீமெந்தும் வைத்து அடைத்து வருடக்கணக்காகச் சமாளித்த சீற்றுகள்தான் கீழே இறங்குகின்றன. இறக்குகிற பெடியன்கள் வாயைச் சுற்றித் துவாய் கட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் கொரோனாக் காலத்து நீலத் துணி மாஸ்க். இரண்டும் ஒன்றுதான். மூக்கின் இரு பக்கத்து இடைவெளியால் காற்று தாராளமாகப் போய்வரும். துவாயை நனைத்துக் கட்டினாலும் அந்த இடைவெளி அடைபடாது.

சீற்றில் பெரும்பங்கு சீமெந்து, 10 முதல் 15 சதவீதம் வரை அஸ்பெஸ்டஸ் நார். உடையாமல், துளையாமல், உரசாமல் கிடக்கும் வரை நார் சீமெந்தின் பிடியில் இருக்கும். அதனால் நல்ல சீற்றின் கீழ் குடியிருப்பவர் இரவோடிரவாகப் பதற வேண்டியதில்லை. உடைக்கும்போதுதான் ஆபத்து. வெயிலில் தோல் அரிபட்ட பழைய சீற்றின் உடைந்த வாயை உற்றுப் பார்த்தால், வெள்ளை மயிர் போல ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். அது பல நார்கள் சேர்ந்த கட்டு. நுரையீரலின் அடிவரை போவது அதிலிருந்து பிரிகிற, 3 மைக்ரோனுக்கும் மெல்லிய துணுக்கு. அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, இருமித் துப்பவும் முடியாது. நுரையீரல் இறுகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலின் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் ஆகிய மூன்றுக்கும் இது காரணம். மீசோதீலியோமா வெளிப்பட 20 முதல் 50 வருடம் வரை எடுக்கும். இன்று 25 வயதில் கூரையில் நிற்கிறவர் பேரப்பிள்ளை காணும் வயதில் மூச்சுக்குத் திணறும்போது, இந்த ஒரு வாரத்து வேலை யாருக்கும் நினைவிருக்காது. சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு ஏறும்.

“இப்ப வாற சீற் வெள்ளை அஸ்பெஸ்டஸ், அதால ஒன்றும் செய்யாது” என்று சொல்பவர்களும் உண்டு. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது உண்மை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெள்ளை உட்பட எல்லா வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதலாம் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. வெள்ளையின் இறக்குமதியையும் நிறுத்த அரசு எடுத்த முடிவு, 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியதும் கைவிடப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கடையில் இன்னமும் விற்கிறது என்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

இனி மாஸ்க்குக்கு வருவோம். 6200 என்பது மூக்கையும் வாயையும் நாடியையும் மூடும் அரை முக மாஸ்க். மெல்லிய ரப்பர் மாதிரியான பொருளால் ஆனது. இதே வரிசையில் 6100 சிறியது, 6200 நடுத்தரம், 6300 பெரியது. கடைகளில் அதிகம் கிடைப்பது 6200. ஒல்லி முகக்காரருக்கும் பெண்கள் பலருக்கும் 6100 தேவைப்படலாம். அளவு சரியில்லாத மாஸ்க்கை வாரை இழுத்து இறுக்கிச் சரிக்கட்ட முடியாது. இறுக்கினால் மூக்குத்தண்டில் மடிப்பு விழும், காற்று அந்த மடிப்பால் புகும்.

பில்டர் விஷயத்தில்தான் ஏமாறுகிறார்கள். ‘6200 செட்’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இருப்பது 6001 என்னும் கரிக் குடுவை. அது பெயின்ற், தின்னர் போன்றவற்றின் ஆவியைப் பிடிப்பதற்கானது. தனியே மாட்டினால் நாரைப் பிடிக்காது. அதன் முன்னால் வெள்ளைத் தாள் போன்ற 5என்11ஐ வைத்து மூடி போட்டாலும் கிடைப்பது என்95 தரம், அதாவது 95 சதவீதத் தூசியைப் பிடிக்கும் தரம் மட்டுமே. அஸ்பெஸ்டஸுக்குக் கேட்க வேண்டியது பி100, அல்லது ஐரோப்பிய முறையில் பி3. 3எம்மில் அது 2091 என்ற இலக்கம், கடும் இளஞ்சிவப்பு நிறத்தில் வட்டத் தோசை போல இருக்கும். பி100 என்றால் வடிகட்ட மிகக் கடினமான 0.3 மைக்ரோன் தூசியிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். நம் வேலைக்கு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சீற்றை நனைத்துத்தான் கழற்றப் போகிறோம், 2091 திறந்த பஞ்சு, தெறிக்கும் தண்ணீர் அதில் படும். பிளாஸ்டிக் கூடு போட்ட 6035 பி3 கிடைத்தால் அதையே எடுங்கள். சற்றுப் பாரம்தான், ஆனால் ஈரத்துக்கு நின்று பிடிக்கும்.

பூட்டுவது சுலபம். பில்டரின் வெட்டை மாஸ்க்கின் குறியோடு பொருத்தி, மணிக்கூட்டு முள் போகும் திசையில் கால் சுற்று திருப்பினால் இறுகி நிற்கும். நிற்காமல் ஆடினால் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள். பூட்டுமுன் மாஸ்க்கின் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள். இரு பக்கமும் காற்று வரும் வாயில் சின்ன வட்ட ரப்பர் இதழ் ஒன்று, முன்னால் வெளிமூச்சு வாயில் ஒன்று, மொத்தம் மூன்று இருக்க வேண்டும். கழுவும்போது இவை கழன்று தொலைவதுண்டு. வெளிமூச்சு இதழின் கீழ் ஒரு மணல் துகளோ மயிரோ சிக்கினால் அது முழுதாக மூடாது, மூச்சை இழுக்கும்போது அந்த வழியால் பில்டரைத் தொடாத காற்று நேரே உள்ளே வரும்.

மாட்டிய ஒவ்வொரு முறையும் இரண்டு சோதனை செய்ய வேண்டும். வெளிமூச்சு வாயை உள்ளங்கையால் பொத்தி மெல்ல ஊதுங்கள். மாஸ்க் கொஞ்சம் உப்ப வேண்டும், எங்கும் காற்றுக் கசியக்கூடாது. மூக்குத்தண்டில் கசிந்தால் கண் இமையில் குளிர்ச்சியாகத் தெரியும். பிறகு 2091இன் நடுவிலுள்ள குழியை இரு பெருவிரலாலும் அமத்தி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்கி அப்படியே நிற்க வேண்டும். இதில் தேறாத மாஸ்க்கோடு ஏணியில் கால் வைக்க வேண்டாம்.

தாடி இருந்தால் எதுவும் சரிவராது. நீளத் தாடி மட்டுமல்ல, ஒரு நாள் முளைத்த குற்றித் தாடியும் மாஸ்க்கின் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கும். வேலை நாளன்று காலையில் வழித்துவிட்டு வர வேண்டும். தாடியை எடுக்க முடியாதவர் சீற்றைத் தொடாமல் வேறு வேலையைப் பார்ப்பதுதான் முறை.

வன்னி வெயிலில் இதைப் போட்டிருப்பது கஷ்டம்தான். அரை மணித்தியாலத்தில் நாடிப் பகுதியில் வியர்வை தேங்கும், வழுக்கும், சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும். சிலிக்கனால் ஆன 7500 வரிசை முகத்துக்கு இதைவிட மென்மை, விலையும் கூட. ஒரு கூரைக்கு 6200 போதும். வேலை நேரத்தைத்தான் வெயிலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறமுன் நிறுத்துங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் இன்னும் முந்தியே நிறுத்துங்கள், அந்தக் காற்றில் தூசி பக்கத்து வளவுக்கும் போகும். வெற்றிலை போடுபவர்களுக்குத்தான் மிகச் சிரமம். துப்புவதற்காக மாஸ்க்கை நாடிக்கு இறக்கி ஏற்றினால் அன்று போட்டதே வீண். தண்ணீர் குடிக்கவும் கீழே இறங்கி, தள்ளி நின்று, உடுப்பையும் கையையும் ஈரத்துணியால் துடைத்த பிறகே கழற்ற வேண்டும்.

எறிந்துவிடும் வகை மாஸ்க் போதாதா என்றால், எஃப்எஃப்பி3 என்ற ஐரோப்பியத் தரத்தில் நன்றாகப் பொருந்துவதைப் பிரித்தானியாவில் சிறு வேலைகளுக்கு ஏற்கிறார்கள். அமெரிக்க விதி அஸ்பெஸ்டஸுக்கு அந்த வகையை அடியோடு விலக்குகிறது. காதில் கொளுவும் கேஎன்95 வேண்டவே வேண்டாம்.

6200இன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கணக்கில் அரை முக மாஸ்க்கின் பாதுகாப்பு 10 மடங்கு. வெளியே 10 பங்கு நார் பறந்தால் உள்ளே 1 பங்கு போகலாம் என்றே கணக்கு. பில்டர் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் முக ஓரத்துக் கசிவு இந்தக் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஆகவே பறப்பதையே குறைக்க வேண்டும். கிறைண்டரால் சீற்றை வெட்டினால் எழுகிற புகைக்கு இந்த மாஸ்க் ஈடுகொடுக்காது. தேங்காய்த் தும்பால் பாசியை உரசுவதும், பிரஷர் மெஷினால் கழுவுவதும், சுத்தியலால் உடைத்து இறக்குவதும் அதே ரகம்.

வயலுக்கு மருந்தடிக்கும் 16 லீற்றர் மெஷின் போன்ற ஒன்று சீற்றை நனைப்பதற்கு அளவான சாமான். மருந்துக்குப் பாவித்ததை எடுக்காமல், புதிதாக ஒன்று இருந்தால் நல்லது. தண்ணீரோடு பாத்திரம் கழுவும் திரவம் 5 மேசைக்கரண்டி விட்டால் ஈரம் சீற்றுக்குள் இறங்கும். மென்மையாகப் பூந்தூறல் போல, ஆணி வாய்களைச் சுற்றியும் சீற்றின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். சீற்றின் மேல் ஏறி நிற்கக் கூடாது. பழைய சீற் ஆளோடு உடைந்து விழும், நனைந்தால் வழுக்கவும் செய்யும். நோய்க்குப் பல வருடம் எடுக்கும், விழுந்து சாவதற்கு ஒரு நொடி போதும். ஏணியிலோ சாரத்திலோ நின்று ஓரத்திலிருந்து கழற்றுங்கள். துருப்பிடித்த ஜே போல்ட்டை முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவிட்டு, அசையாவிட்டால் போல்ட் கட்டரால் நறுக்குங்கள். கடப்பாரையால் நெம்பினால் சீற் வெடிக்கும். கழன்ற சீற்றை எறியாமல் முழுதாகக் கைமாற்றிக் கீழே இறக்குங்கள்.

அதற்கு முன்னமே வீட்டுக்குள் இருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும். நெல் மூட்டை, பாய், தலையணை, பிள்ளைகளின் கொப்பி வரை. நிலத்தில் பொலித்தீன் விரித்து, கிணற்றையும் மூடிக் கட்டுங்கள். பீலியில் தேங்கிய சேற்றிலும் நார் இருக்கும், ஈரமாகவே வழித்தெடுங்கள். கடைசியில் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் சீற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். 0.2 மில்லிமீற்றர் தடிப்புப் பொலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, ‘அஸ்பெஸ்டஸ், உடைக்காதே’ என்று எழுதி வைத்து, எங்கே ஒப்படைப்பது என்பதைப் பிரதேச சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அலுவலகத்திடமும் கேட்டுச் செய்யுங்கள். கோழிக்கூட்டுக்கும், மாரியில் சேறாகும் பாதைக்கும் துண்டுகளைப் போடும் பழக்கத்தை விட வேண்டும். வண்டிச் சில்லு ஏறி ஏறி அது மாவாகும். எரித்தால் வெடித்துச் சிதறும்.

கழற்றும் ஒழுங்கில் மாஸ்க் கடைசி. முதலில் செருப்பு அல்லது பூட்ஸைக் கழுவி, மேலுடையை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டிப் பையில் போட்டு, அதன்பிறகு முகத்தைத் தொடுங்கள். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் உதறித் தோய்க்கக் கொடுக்க வேண்டாம். கணவனின் உடுப்பைத் தோய்த்தே மீசோதீலியோமா வந்த பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எறியத்தக்க பழைய உடுப்போடு வேலை செய்து, முடிந்ததும் அதையும் கட்டிவிடுவதே நல்லது.

மாஸ்க்கின் உடலை ஈரத்துணியால் துடைத்து, இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்தலாம். பில்டரைக் கழுவவோ தட்டவோ ஊதவோ கூடாது. மூச்சு இழுக்கப் பாரமானால், நனைந்தால், கிழிந்தால் மாற்ற வேண்டும். கூரை முடிந்ததும் பில்டரும் சீற்றோடு கட்டுக்குள் போக வேண்டும். அதை எடுத்துவைத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

வாங்கும் கணக்கு இது. மேலே இருவர், கீழே நின்று சீற்றை வாங்கி அடுக்குபவர் ஒருவர் என்றால் மூன்று மாஸ்க், ஆளுக்கு இரண்டு சோடி பில்டர். ஒரு மாஸ்க்கை மூன்று பேர் மாறி மாறிப் போடுவது கூடாது. கீழே நிற்பவருக்குத் தேவையில்லை என்றும் நினைக்க வேண்டாம். மேலிருந்து உதிர்வது முழுக்க விழுவது அவர் தலையில்.