திருவாவடுதுறை சீவாளி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நாகஸ்வரத்தில் பாதி வித்தை, உதட்டில் வைத்து ஊதும் சீவாளியில் இருக்கிறது. திருவாவடுதுறையில் நாணல் தட்டையைப் பதப்படுத்திக் கையால் செய்யும் சீவாளிக்கு இணையாகப் பிளாஸ்டிக் சீவாளியைச் சொல்ல மனம் வராது. பிளாஸ்டிக் உழைக்கும், ஆனால் காற்றைக் கூட்டிக் குறைத்துக் கமகம் பிடிக்கும்போது, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும்போது, நாணல் தரும் குழைவு அதில் இல்லை.

கையால் செய்வதால் ஒன்றுபோல் இன்னொன்று இராது. உங்கள் வாத்தியத்தின் கட்டையை, அதாவது சுருதி அளவை, சொல்லிக் கேளுங்கள்: குட்டையான, சுருதி கூடிய திமிரி நாகஸ்வரத்துக்கானது நீளமான, சுருதி குறைந்த பாரிக்குச் சேராது. எச்சிலில் நனைத்து, தனியாக ஊதிப் பாருங்கள். நாதம் நடுங்காமல் நிற்க வேண்டும். சீவாளியின் வாய் அதிகம் திறந்திருந்தால் மூச்சு வீணாகும், உதடு சீக்கிரம் சோரும். ஒட்டிக்கிடந்தால் மந்திர ஸ்தாயியில், கீழ் ஸ்வரங்களில், அடைத்துக்கொள்ளும். குச்சியை உள்ளே விட்டு மெதுவாக விரிக்கலாம், அவசரப்பட்டால் ஓரம் பிளந்துவிடும். அடியில் நூல்கட்டு தளர்ந்தாலோ, சீவாளியைச் செருகும் உலோகக் குழலான கெண்டையில் இறுகாவிட்டாலோ காற்று கசிந்து சுருதி இறங்கும்.

புதிதை நேரே கச்சேரிக்குக் கொண்டுபோகாதீர்கள். சில நாள் சாதகத்தில், வீட்டுப் பயிற்சியில், ஊதிப் பழக்கினால்தான் பதம் வரும். பழகிய சீவாளிகள் குறைந்தது மூன்று வாத்தியத்தில் தொங்கட்டும். வெயிலில் ஊர்வலம் போகும்போது ஒன்று உலர்ந்து பிசிறினால் உடனே மாற்ற வேண்டியிருக்கும்.